பூட்டி வைத்த பழைய போஸ்ட்

துடியலூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"காலேஜ் படிக்கறப்ப நெட்டுல போட்ட போஸ்ட்டெல்லாம் எதுக்குப் பூட்டி வெச்சிருக்கே, தெறந்து காட்டுன்னு மாப்பிள்ளையோட அம்மா கேக்கறாங்கம்மா!"

"காட்டிப்போடு கண்ணு. பொண்ணு எடுக்கறவங்க நாலு பக்கம் விசாரிக்கறது வழக்கந்தானே? ஞாயித்துக்கெழம நிச்சயத்த வெச்சுட்டு வம்பு எதுக்கு?"

"அதுல என்ற கூட்டாளிப் புள்ளைகளும் இருக்காங்க. அவளுகளையும் காட்டோணுமா?"

"சரி, மாப்பிள்ளையோடத நீ பார்த்தியா?"

"அவரும் பூட்டித்தான் வெச்சிருக்காரு."

தாய் உடனே மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க பொண்ணோட அம்மா. மொதல்ல உங்க பையன அவரு போஸ்ட்டத் தெறந்து காட்டச் சொல்லுங்க. நாங்களும் நாலு பக்கம் விசாரிக்கோணுமுங்க. அதுவரைக்கும் நிச்சயம் நிக்கட்டுமுங்க."