மருளப்பா கொண்டுவந்த பாகினம்

இல்லீங்க தாக்ஷாயணம்மா, காப்பி அப்புறம். அந்த மருளப்பா வர்றதுக்குள்ள நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியதைச் சொல்லிடறேன். உங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வானப்போ வந்த பணம் உங்க பீரோவுல இருக்கு. அதை இன்னைக்கு அவர் கையில கொடுக்கப் போறதா வாசல்ல சொன்னீங்க. மருளப்பா இப்ப எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஏஜென்ட் கிடையாது. இன்னொண்ணு, உங்க மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. இதை ஏன் சொல்றேன்னு கேக்காதீங்க, முன்னாடியே சொல்லி வெச்சுடறது நல்லது.

நான் யாரா? என் பேர் கிரிஜாம்பா. திப்டூர்ல பொம்பளைப் பிள்ளைங்க ஹைஸ்கூல்ல டீச்சர். என் பக்கத்து வீட்டு ஹொன்னம்மா இவர்கிட்டதான் பணத்தைக் கொடுத்து ஏமாந்தா. அவளைக் கூட்டிக்கிட்டு கம்பெனி ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நான்தான் அலைஞ்சேன்.

அதோ அந்த அலமாரி மேல இருக்கே, அதானா கௌரிப் பண்டிகைக்குப் பொறந்த வீட்டுச் சீருன்னு அவர் கொடுத்த பாகினம்? நான் கொஞ்சம் எடுத்துப் பாக்கலாமா? ரெண்டும் புது முறம். மேல மூடின முறத்துக்கும் ஓரமெல்லாம் மஞ்சள் பூசியிருக்கு. வெல்லம், பருப்பு, கண்ணாடி, சீப்பு, ஒண்ணும் குறையல. ரவிக்கைத் துணியைப் பாருங்க, இது கடைக்காரன் கிழிச்சுக் கொடுத்தது இல்ல, தறித் துணி. தேடி வாங்கியிருக்கார். வளையல் உங்க கைக்குச் சரியா இருந்துதா? அளவு கேட்டாரா? கேக்காமலேயே சரியா இருந்துதா. அப்படியா.

சரி, விஷயத்துக்கு வரேன். அவர் சும்மா எந்த வீட்டுக்கும் போகமாட்டார். கூடப் பொறந்தவன் இல்லாத பொம்பளை யாருன்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கிட்டுத்தான் வருவார். பண்டிகைக்கு முந்தின நாள் பொறந்த வீட்டுச் சீரா பாகினத்தைக் கையில கொடுத்து, தங்கச்சின்னு கூப்பிடுவார். உங்களுக்குக் கண்ணு கலங்கிடும். ஹொன்னம்மாவுக்கும் கலங்கிச்சு. பண்டிகை முடிஞ்சு கொஞ்ச நாள்ல பணத்துக்கு வருவார். அப்ப ரசீது கேக்க உங்களுக்கு வாய் வருமா? அண்ணன்கிட்ட எந்தத் தங்கச்சி ரசீது கேப்பா? அவருக்கு வேண்டியது அந்தக் கூச்சம்தான்.

ரசீது தர்றேன்னு அவரே சொன்னாரா? தருவார், வீட்டுல அச்சடிச்சது. அதை விடுங்க. விண்ணப்பத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனாரே, போன் நம்பர் எழுதற இடத்துல உங்க நம்பர் இருந்துதா? காலியா இருந்துதா. அங்க அவர் தன்னோட நம்பரை எழுதிக்குவார். அப்புறம் கம்பெனிலேர்ந்து எது வந்தாலும் அவருக்குத்தான் வரும், உங்களுக்கு வராது. காலியா விட்ட தாள்ல கையெழுத்துப் போடவே கூடாதும்மா.

இன்னைக்குள்ள கட்டினாத்தான் இந்தத் திட்டம்னாரா? நாலு வருஷத்துல ரெட்டிப்பா? நிஜமா நல்ல திட்டம்னா நாளைக்கும் இருக்கும்ல.

பூரணம் வெச்சுக் கடுபு செஞ்சிருந்தீங்களா அன்னைக்கு? சாப்பிட்டாரா? இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கிட்டாரா. அவர் வெல்லம் போட்ட பண்டம் எதையும் தொடமாட்டார், சின்ன வயசுலேர்ந்தே. உங்க கையால செஞ்சதுன்னு தொட்டிருக்கார். உங்க முழங்கால் வலியை வேற விசாரிச்சாராமே, தைலம் பேரெல்லாம் சொன்னாராமே, வாசல்ல நீங்களே சொன்னீங்க.

அய்யய்ய, நான் அவர் பெண்டாட்டி இல்லீங்க. அந்தப் புண்ணியவதி தும்கூர்ல சௌக்கியமா இருக்கா. அவளுக்கு இந்த வீடுங்க எதுவும் தெரியாது, பாவம், அவளுக்கு அவர் நூல் புடவை வாங்கிக் கொடுத்தே பாத்ததில்ல.

இன்சூரன்ஸே வேண்டாம்னு நான் சொல்ல வரல. போடுங்க. ஆனா ஹாசன்ல இருக்கற ஆபீசுக்கு உங்க வீட்டுக்காரரோட நேர்ல போங்க. அவர் எழுதிக் கொடுத்த நம்பருக்கு போன் பண்ணிக் கேக்காதீங்க, அதை எடுக்கறவனும் அவர் ஆளாத்தான் இருப்பான். ஏஜென்ட் யாரு வந்தாலும் பேரையும் உரிம நம்பரையும் ஆபீசுல சொன்னா, நடப்புல இருக்கான்னு பாத்துச் சொல்லுவாங்க. பணத்தைக் கம்பெனி பேருக்கு செக்கா கொடுங்க. பத்திரம் வந்ததும் உக்காந்து வாசிங்க. பிடிக்கலன்னா முப்பது நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்.

அண்ணன்னு கூப்பிட்டவரை எப்படிச் சந்தேகப்படறதுன்னு கேக்கறீங்க. அது கஷ்டம்தான். எழுத்துல கேட்டா உறவு போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, அப்பா போனதும் சொத்துல தன் பங்கை எழுதிக் கொடுன்னு அண்ணன்கிட்ட கேட்டா. எழுதிக் கொடுத்துட்டான். அந்த வருஷத்தோட அவளுக்குப் பாகினம் நின்னு போச்சு. பங்கு தென்னந்தோப்பா இருக்கு, காய்க்குது. கேட்டது தப்புன்னு இன்னைக்கும் அவ சொல்லமாட்டா. நீங்களும் கேளுங்க.

உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடறீங்களா? கூப்பிடுங்க. பீரோ சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். மருளப்பா வந்தா, ஆபீசுலயே கட்டிக்கறோம் அண்ணான்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த கௌரிக்கு வரமாட்டார். அதையும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லுங்க.

ஹொன்னம்மா விஷயத்துல கடைசியில முடிவானதையும் சொல்லிட்டு எழுந்துக்கறேன். அவகிட்ட இருந்த பத்திரத்தோட நம்பர் தங்களோட கணக்குலயே இல்லன்னு கம்பெனி எழுத்துல கொடுத்துட்டாங்க. மருளப்பாவோட உரிமம் என்னைக்கோ ரத்தாயிடுச்சு. கையில கொடுத்த பணத்துக்குத் தாங்க பொறுப்பில்லன்னு கம்பெனி சொல்லுது, வழக்கு நடக்குது. அவர் ஜாமீன்ல வெளிய இருக்கார். ஹொன்னம்மா இன்னும் அவரை அண்ணன்னுதான் சொல்றா. புகார்ல சாட்சிக் கையெழுத்து என்னுது. இவர் உங்களுக்கு என்ன உறவுன்னு இன்ஸ்பெக்டர் கேட்டார், தங்கச்சின்னேன். எல்லாரும் அதைத்தானே சொல்றீங்கன்னு சிரிச்சார். இல்ல சார், நான் ஒரே அம்மா வயித்துல கூடப் பொறந்தவள்னு சொன்னேன். அதுவும் எழுத்துல இருக்கு.

உங்க வீடு எனக்கு எப்படித் தெரிஞ்சுதா? கௌரிக்கு முந்தின நாள் தும்கூர்லேர்ந்து வர்ற வண்டி திப்டூர்ல நின்னப்போ நான் பிளாட்பாரத்துல இருந்தேன். வருஷா வருஷம் இருப்பேன். ஜன்னலோரமா அவர் உக்காந்திருந்தார், மடியில முறம். எழுந்து வருவார்னு பாத்தேன். விசில் கொடுத்துட்டாங்க, அவர் இறங்கல. நான் ஏறிட்டேன்.