வலது கையில் இன்னொரு பட்டை

— இன்னும் ஒரே ஒரு தடவை சார். கையோட பலம் தெரியணும், இந்தப் பிடிய நல்லா அழுத்திப் பிடிங்க. இருபத்தெட்டு கிலோ. போன தடவை முப்பத்திநாலு இருந்துச்சே!

— முப்பது வருஷம் லிஃப்ட்டுக்கு நட்டு முடுக்கின கைம்மா. ரிட்டயர் ஆனதுல அதுக்கும் சோம்பல் வந்துடுச்சு. அடுத்து என்ன, மறுபடியும் ரத்தமா?

— அது காலையிலேயே எடுத்தாச்சு. எலும்பு, காது, ஈசிஜி எல்லாம் முடிஞ்சுது. பாக்கி, தூக்கத்தையும் நடையையும் கணக்கெடுக்கிற இந்தக் கைப்பட்டைங்கதான். ஏழு நாளும் கழட்டலையே?

— குளிக்கும்போதுகூடக் கழட்டல.

— உங்க வீட்டம்மா?

— அவளும்தான். இன்னிக்கு ஏதோ வேலை, வர முடியல. அதான் அவ பட்டையையும் நானே கொண்டுவந்தேன்.

— இந்த ஸ்கிரீனக் கொஞ்சம் பாருங்க சார். மேல இருக்கிற கோடு நீங்க. கீழ இருக்கிறது அவங்க.

— ம்.

— நீங்க படுத்த அதே நிமிஷம் அவங்களும் படுத்திருக்காங்க. புதன்கிழமை நீங்க நாலாயிரத்துப் பன்னிரண்டு ஸ்டெப் நடந்திருக்கீங்க. அவங்க நாலாயிரத்து ஒன்பது.

— முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினா அப்படித்தாம்மா. ஒத்துமை!

— ஒத்துமைக்கும் ஒரு அளவு இருக்கு சார். நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரே பஸ்ல வந்து இறங்கினாலே ஆளுக்கொரு பக்கம் நடப்போம். ரெண்டையும் நீங்களே போட்டுக்கிட்டீங்களா?

— அவளோடத வலது கையில போட்டேன். கொஞ்சம் இறுக்கம். கடைசி ஓட்டைக்குத் தள்ள வேண்டியதாப் போச்சு.

— என்ன சார் நீங்க! இருபதாயிரம் பேரோட ஆய்வு இது. அப்ப அந்தச் சாப்பாட்டுக் குறிப்பும் உங்க வேலைதானா?

— அவ என்ன சாப்பிடுவா, எவ்வளவு மிச்சம் வைப்பான்னு எனக்குத் தெரியாதா? சர்க்கரை இல்லாத டீ, ஒண்ணரை டம்ளர். சரியாத்தான் எழுதியிருக்கேன்.

— மனநிலைக் கேள்வித்தாள்?

— அவளோடதுல எல்லாத்துக்கும் ‘நல்லா இருக்கேன்’னு டிக் அடிச்சேன்.

— உங்களோடதுல, ‘மனசு விட்டுப் பேச ஆள் உண்டா’ங்கிற எடம் மட்டும் காலியா இருக்கே?

— ரொம்ப நேரம் பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேம்மா. எழுத வரல.

— சார், தப்பா நினைக்காதீங்க. அவங்க எங்க?

— பதினாலு மாசமா வீட்ல நான் மட்டும்தான்.

— அடக் கடவுளே! முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். நான் பாட்டுக்குக் கத்திட்டேன். இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஆய்வுலேருந்து அவ நம்பர எடுத்துடுவீங்களா? ஏழு வருஷமா என் நம்பருக்கு அடுத்த நம்பர். ஒரே நாள்ல கூப்பிடுவீங்க. ஊசி போட்ட எடத்துல பஞ்ச வச்சு அழுத்திக்கிட்டு, பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருப்போம். எனக்கு வலிக்குதான்னு பார்ப்பா, கேக்க மாட்டா.

— நம்பர யாரும் எடுக்க மாட்டாங்க சார். அவங்க குடுத்த ரத்தம் ஃப்ரீசர்ல அப்படியே இருக்கும். இன்னும் முப்பது வருஷம் கழிச்சுக்கூட யாராச்சும் எடுத்துப் பார்ப்பாங்க. நம்பரும் உங்க பக்கத்துலயே இருக்கும்.

— நிஜமாவா?

— நிஜமா. இந்த ஏழு நாள் பொய்யத்தான் அழிக்கணும். கூடவே இறந்த தேதியப் போட்டுட்டா, மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அவங்க பேருக்குக் கடிதம், போன் எதுவும் இனி வராது.

— தேதி போடலன்னா?

— பொய்த் தகவல்னு ரெண்டு பேரையும் ஆய்வுலேருந்தே விலக்கிடுவாங்க சார். என் கையில ஒண்ணும் இல்ல. சொல்லுங்க, நான் டைப் அடிக்கிறேன். எந்த மாசம்?

— அது வந்தும்மா...

— மெதுவாச் சொல்லுங்க. அவசரமே இல்ல.

— அடிக்காதீங்கம்மா! அவ உயிரோடதான் இருக்கா, ரெண்டு ஸ்டாப் தள்ளி, அவ தங்கச்சி வீட்ல. அவ பேருக்கு நம்ம வீட்டுக்கு வந்த உங்க கடிதத்தையும் பட்டையையும் கொண்டுபோய்க் குடுக்க எனக்குத்தான் துணிச்சல் வரல. நான் கூப்பிட்டா வரமாட்டா, நீங்க கூப்பிட்டா வருவா.