ஏழாவது நாய்

நாய் என்றாலே எனக்குப் பயம், ஐயா. திரைக்குள் ஓடும் நாய் என்றால் மட்டும் உயிர்.

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்றை என் மாமனார் இளமையில் தனியாளாக உருவாக்கினார். தபால்காரரை நாய்கள் துரத்தும். ஆறு நாய் வரை ஆட்டம் பறக்கும். ஏழாவது வந்ததும் இயந்திரத்துக்கு மூச்சு வாங்கும். தபால்காரர் கண்ணிமைக்கும் நேரம் தயங்குவார். அந்தத் தயக்கத்தில்தான் எல்லோரும் கடி வாங்கினோம். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்த இயந்திரங்களில் இன்று மிச்சமிருப்பது அவர் வீட்டுக் கூடத்தில் நிற்கும் ஒரே பெட்டி.

அந்த இயந்திரத்தைப் போலவே கணினியை நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டரை நான்கு வருடம் உட்கார்ந்து எழுதினேன், அந்தத் தயக்கம் உட்பட. தப்பைக்கூடத் தப்பில்லாமல் செய்ய வேண்டுமல்லவா? எமுலேட்டர் எழுதுவது குற்றமில்லை. பெட்டியின் சிப்பில் இருக்கும் விளையாட்டை நகலெடுக்கத்தான் உரியவரின் சம்மதம் வேண்டும். சட்ட விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

மாமனாரிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"நான் இருக்கிற வரைக்கும் அதை விட்டுடுங்க மாப்பிள்ளை. போனப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க," என்றார் சிரித்தபடி.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சம்மதம் கிடைத்துவிட்டது. தேதிதான் பாக்கி.

போன ஞாயிறு காலை, படம் ஆடுகிறது என்று பெட்டியின் பின்பலகையைக் கழற்றினோம். பழைய படக்குழாயில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கையை விட வேண்டும். அவருக்கோ நெஞ்சில் பேஸ்மேக்கர்.

"கரண்ட்ட இறக்கிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு மாமா," என்றேன். இறக்கவில்லை.

அவர் கை உள்ளே போனது. கண்ணிமைக்கும் நேரம் தயங்கிவிட்டுத்தான் விழுந்தார். ஏழாவது நாய் வரும்போது தபால்காரர் தயங்கும் அதே அளவு, ஐயா. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அடக்கம் முடிந்த கையோடு வக்கீலிடம் ஓடினேன். வாய்ச்சொல் செல்லாதாம். உரிமை ஒரே மகளான என் மனைவிக்குப் போய்விட்டதாம். நேரே வந்து அவளிடம் கேட்டேன்.

"அப்பா போயி மூணு நாள் ஆகல. அதுக்குள்ள சிப்பா?" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

மாமனாரைக் கொன்றேன் என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன். திருடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சிப்பை நான் தொடக்கூட இல்லை.