ஆறாவது செல்

— கதவைச் சாத்திட்டு உட்காரு. ஆறாவது செல்லுல என்ன பண்ணினே?

— ஒண்ணும் பண்ணலையே அண்ணி.

— சொல்றதுக்கு முன்னாடி எச்சில் முழுங்கினியே, அது எதுக்கு?

— ஏசி காத்து. தொண்டை வறண்டு போச்சு.

— என் கோட்டிங் போட்ட செபரேட்டரை, அந்த நடுச்சவ்வை, வெச்சு ஆறு பேட்டரி செல் கட்டினே. அஞ்சு செத்துப் போச்சு. ஒண்ணு மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி ஓடுது. எப்படி?

— ஒண்ணாவது ஓடுதேன்னு சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தேன்.

— மேனேஜர் சந்தோஷப்படலையே. யாரோ தில்லுமுல்லு பண்ணிருக்காங்க, சாயங்காலத்துக்குள்ள பேரைச் சொல்லு, வீட்டுக்கு அனுப்பிடறேன்னுட்டார். உன்னை இங்க சேர்த்துவிட்டது நான். உங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?

— பேரை முடிவே பண்ணிட்டீங்க போல.

— திரவத்தைக் கூடுதலா ஊத்தினியா? ஊத்தினா கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

— எடை போட்டுப் பாருங்க.

— போட்டாச்சு. மத்த செல் எடைதான்.

— அப்புறமும் சந்தேகமா? என் டிராயரைக் குடைஞ்சது நீங்கதானே?

— ஆமா. பாதி கடிச்ச பிஸ்கட்டைத் தவிர ஒண்ணும் இல்ல. இங்க பாரு. செத்துப்போன அஞ்சையும் பிரிச்சு, செபரேட்டரைக் கழுவிக் காய வெச்சிருக்கேன். கோட்டிங் ஒரு பக்கம்தான், ஆனா ரெண்டு பக்கமும் வெள்ளை, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சொட்டு தண்ணி விடு. கோட்டிங் பக்கம்னா பரவும். வெறும் பக்கம்னா உருண்டு நிக்கும்.

— பரவுது.

— எந்தப் பக்கம்? லித்தியம் பட்டு கறை பிடிச்சிருக்கே, அந்தப் பக்கம். கோட்டிங் எதைப் பார்த்து இருக்கணும்?

— சல்ஃபரை. அது கரைஞ்சு லித்தியத்துக்கிட்ட போகாம தடுக்கத்தானே கோட்டிங்.

— மாத்தி வெச்சிருக்கியே! அஞ்சும் இப்படித்தான். வேணும்னே பண்ணினியா? யாருடா சொல்லிக்கொடுத்தது?

— வார்த்தையை விடாதீங்க அண்ணி. நீங்க தட்டுல அடுக்கித் தர்றதை அப்படியே இடுக்கியால எடுத்து வெக்கிறேன். அடியில லித்தியம், அது மேல உங்க செபரேட்டர், அதுக்கும் மேல சல்ஃபர். தட்டுல மேல இருக்கிற பக்கம் சல்ஃபரைப் பார்க்கும். நீங்க சொன்ன முறைதான்.

— நான் கோட்டிங் பக்கம் மேல வர்ற மாதிரிதானே அடுக்குவேன்.

— இந்தத் தடவை ஓரம் சுருளுதுன்னு கண்ணாடி வெச்சு அமுக்கினீங்களே?

— அது... கோட்டிங் கண்ணாடியில ஒட்டி உரிஞ்சு வந்துது. அதான் கீழ மெத்துனு ஒரு தாளை விரிச்சு, குப்புறப் போட்டு அமுக்கினேன்.

— அப்புறம் நிமிர்த்தினீங்களா?

— இரு. யோசிக்க விடு.

— நிமிர்த்தினீங்களா அண்ணி?

— இல்ல. ஆறையும் அப்படியேதான் உன்கிட்ட குடுத்தேன். அப்போ ஆறாவதும் செத்திருக்கணுமேடா. அது எப்படி உயிரோட இருக்கு?

— கட்டும்போது அது ஒண்ணு மட்டும் இடுக்கியில இருந்து நழுவி விழுந்துச்சு. சொன்னா கிழிப்பீங்கன்னு, எந்தப் பக்கம்னு தெரியாம கைக்கு வந்தபடி எடுத்து வெச்சுட்டேன்.