அடுப்பில் இருந்த ரொட்டி

— எழுந்தேன். முகம் கழுவினேன். மாட்டைக் கறந்தேன். மாவு பிசைஞ்சு முத்தத்து அடுப்புல ரொட்டி வச்சேன். காப்பி போட்டேன், ரெண்டு கோப்பை.

— ரெண்டு எதுக்குடா பாஷ்க்?

— கை பழகிப்போச்சு பெரியப்பா. திலாவோடதைக் கீழ ஊத்திடுவேன். இன்னிக்கு இன்னும் ஊத்தல.

— அடடா, படிச்சவரே! ஷ்கோதர் டவுன் காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தானுங்களா? துக்கத்துக்குக் குடுத்த கெடு இன்னிக்கு விடிஞ்சதோட முடிஞ்சுது. உன் பொண்டாட்டியைச் சுட்டவனை இனி எங்க பாத்தாலும் போடலாம். துப்பாக்கி துடைச்சியான்னு கேட்டா மாடு கறந்த கதை சொல்ற.

— அதுவும் துடைச்சேன்.

— பொறவு என்ன யோசனை? கெடு இருக்குன்னு போன வாரம் சந்தைக்குப் போனேன்ல, கடைக்காரன் எனக்கு எப்படிக் காப்பி குடுத்தான் தெரியுமா? அரைக் கோப்பை. அதுவும் கால் இடுக்கு வழியா நீட்டினான். ரத்தத்துக்கு ரத்தம் எடுக்காத வீட்டுக்கு அதான் மரியாதை, கேட்டியா?

— குடிச்சீங்களா?

— அவன் மூஞ்சியில ஊத்தினேன்.

— பங்குச் சாமி நேத்து வந்தாரு. சாகும்போது திலா அவனை மன்னிச்சுட்டாளாம். என்னையும் மன்னிக்கச் சொல்றாரு.

— சாமி பாத்தாரா? நான் கேட்டேண்டா, இந்த ஜன்னல் வழியா. "என் ரத்தத்தை விட்டுடாதீங்க"ன்னு கத்தினா.

— ஜன்னல் சாத்தியிருந்துச்சு. உங்களுக்குக் காதும் மந்தம்.

— நான் பொய் சொல்றேங்கிறியா?

— நீங்க கதவை மறிச்சு நின்னீங்க. என் நெஞ்சுல முழங்காலை வச்சு அழுத்தினீங்க. எனக்கு எதுவும் கேக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— வெளிய போயிருந்தா ரெண்டாவது குண்டு உனக்கு! உங்க அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

— ஒண்ணு மட்டும் புரியல. அன்னிக்கு நான் வெளிய வந்தப்ப அவ அடுப்புல வச்ச ரொட்டி பலகை மேல இருந்துச்சு. ஒரு ஓரம் பிச்சிருந்துச்சு. யார் எடுத்தது?

— நாய் இழுத்திருக்கும். இப்ப அதுவா... ஏய், நில்லு! யார்ரா அது படலைக்கிட்ட?

— நான்தான், கோல் ஐயா. ப்ரெங் வந்திருக்கேன்.

— கர்த்தரே! தானா வந்து நிக்கிறான்! பாஷ்க், எடு துப்பாக்கிய! சுடு! டேய், கைய மேல தூக்குடா கொலைகாரப் பயலே!

— தூக்கித்தான் நிக்கிறேன். ஆயுதம் எதுவும் கொண்டுவரல.

— வாசப்படி மிதிக்க விடாத பாஷ்க்! உள்ள வந்துட்டா விருந்தாளி. நம்ம ரொட்டி ஒரு துண்டு அவன் வாய்ல பட்டுச்சோ, சாகிற வரைக்கும் தொட முடியாது. அதுக்குத்தான் வந்திருக்கான் நரி!

— உள்ள வரமாட்டேன் ஐயா. அண்ணே, என்ன செய்யணுமோ இங்கயே செய்ங்க. இத்தனை நாள் ஒளிஞ்சு வாழ்ந்து பாத்தேன். தூக்கம் வரல.

— நெஞ்சுக்கு நேரா பிடிச்சிருக்கேன் ப்ரெங். அசையாத. கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஏன் அவளைச் சுட்ட?

— உங்களைத்தான் சுட்டேன்.

— தெரியும். சொல்லு.

— எங்க அண்ணன் ஸெஃப்பை வாய்க்காத் தண்ணிக்காகக் கோல் ஐயா கொன்னாரு. அதுக்குப் பழி உங்க வீட்டு ஆம்பளை யாரானாலும் சரிதான்; அன்னிலேருந்து நீங்க ரெண்டு பேரும் வீட்டை விட்டு வெளிய வரல. பொம்பளை மேல கை வைக்கிற வழக்கம் எங்களுக்கும் கிடையாது. அன்னிக்கு ஒரே பனி. உங்க கோட்டு, உங்க தொப்பி. அடுப்புக்கிட்ட குனிஞ்சு நின்னது நீங்கன்னு நெனச்சேன்.

— குளிருதுன்னு என் கோட்டை எடுத்துப் போட்டுட்டுப் போனா.

— முறைப்படி, சுட்டவன் கிட்டப் போய் ஆளை மல்லாக்கத் திருப்பிப் போடணும் இல்ல? திருப்பினேன். தொப்பி விழுந்து பின்னல் அவுந்துச்சு. வயித்துல பட்டிருந்துச்சு. கையை வச்சு அமுக்கினேன். விரலுக்கு நடுவுல கொதிக்கிற தண்ணி மாதிரி வந்துட்டே இருந்துச்சு. நிக்கல அண்ணே.

— கேட்டது போதும்டா! சுடு பாஷ்க், இல்ல எங்கிட்டக் குடு! இவன் குடலை இந்த முத்தத்துலயே உருவறேன்!

— நகருங்க பெரியப்பா. அவளுக்கு நெனவு இருந்துச்சா?

— இருந்துச்சு. என் கழுத்துல கெடந்த சிலுவையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பரலோக மந்திரம் சொல்லச் சொன்னாங்க. ரெண்டு பேரும் சொன்னோம்.

— மன்னிச்சேன்னு சொன்னாளா?

— இல்ல. சாமிகிட்ட நான் அப்படிச் சொல்லல, அவராச் சேத்துக்கிட்டாரு. மன்னிக்கிற வரி வரைக்கும் நாங்க போகவே இல்ல. அன்றாட அப்பத்தைத் தாரும்னு வந்ததும் நிறுத்திட்டாங்க.

— மன்னிக்கிறோம்னு வர்ற அந்த அடுத்த வரியிலதான் எனக்கும் வாய் பூட்டிக்குது. கோயில்ல எல்லாரும் சொல்வாங்க, நான் சும்மா நிப்பேன். ரொட்டியை எடுத்தது யாரு?

— நான்தான்.

— கொன்னுட்டு ரொட்டி திருடுனியாடா, பிசாசே!

— பிச்சதும் நீயா?

— ஆமா. வாய்ல வச்சேன். கையெல்லாம் ரத்தம். முழுங்க முடியல, முழுங்கிட்டேன். திரும்பிப் பாத்தா உசிரு போயிருந்துச்சு.

— எதுக்கு எடுத்த? என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு வார்த்தை கூட்டினாலும் சுட்டுடுவேன்.

— சத்தமா சொல்ற வார்த்தை இல்ல அண்ணே. கிட்ட வரலாமா?

— படி வரைக்கும் வா.

— ...

— என்னடா முணுமுணுக்கிறான்? ஒண்ணும் விழல எனக்கு. பாஷ்க்! ஏண்டா துப்பாக்கிய இறக்குற?

— இந்தாங்க, பிடிங்க. குண்டைக் கழட்டிட்டேன். ப்ரெங், உள்ள வா. அந்த முக்காலியில உக்காரு. அது அவளோட கோப்பை. ஆறியிருக்கும், பரவாயில்ல, குடி. அவ விட்ட இடத்துல இருந்து மந்திரத்தைச் சொல்லி முடிக்கணும். எனக்கு வாய் தெறக்குதான்னு பாக்கறேன்.

— பைத்தியக்காரா! இனி ஊருல எனக்கு ஆயுசுக்கும் அரைக் கோப்பைதான்!

— இங்க முழுக் கோப்பை தர்றேன். அவன் நம்ம வீட்டு ரொட்டியை அன்னிக்கே தின்னுட்டான் பெரியப்பா.

— திருடித் தின்னது கணக்கில்ல! வீட்டு ஆளுங்க கூப்பிட்டுக் குடுக்கணும்! யாரு குடுத்தா? அவ என்னதான்டா சொன்னா?

— "ஐயோ, ரொட்டி கருகுது தம்பி, எடுத்துடு. எடுத்துட்டு, நீயும் ஒரு துண்டு சாப்பிட்டுப் போ."