ஹோர்னுங் பேசாம நின்ன அஞ்சு நிமிசம்

சிரிக்காதீங்க ஐயா, நெசமாத்தான் சொல்றேன். இருபத்திரெண்டு வருசமா நான் பாத்ததெல்லாம் நடிகருங்களோட முழங்காலுக்குக் கீழதான். இந்தப் பாம்பெர்க் ஊரு நாடகக் கொட்டகையில எந்த மகராசாவுக்குக் காலுறையில ஓட்டைன்னு என்னையக் கேளுங்க.

ஆமா, மேடை விளிம்புல இருக்கற இந்தக் குழிதான் என் எடம். மேல மூடி, கையில நாடகப் புஸ்தகம். மேடையில நிக்கிறவரு வசனத்த மறந்தா நான் கிசுகிசுன்னு எடுத்துக் குடுக்கணும். பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருசம். மீதிப் படிப்பெல்லாம் ராஜா வசனந்தான். பொண்டாட்டியத் திட்டுனாக்கூட, அடி துரோகியேன்னுதான் வாயில வருது.

ஹோர்னுங் ஐயாவப் பத்திப் புஸ்தகம் போடப் போறீங்களாமே? அவரு மேடையில நடுவுல பேச்ச நிறுத்துனா ஊரே மூச்ச நிறுத்தும்னு பத்திரிகையில எழுதுனது நீங்கதானே? ஐயையோ, அதுல பாதி மறதிங்க! எடது குதிகால் லேசாத் தூக்கும். அது எங்களுக்குள்ள சைகை. நான் வார்த்தையப் போடுவேன். உடனே சொல்லிடுவாரா மனுசன்? மேல பாத்து, பெருமூச்சு விட்டு, ஆண்டவரே காதுல ஓதுன மாதிரி சொல்லுவாரு. பொம்பளைங்க கைக்குட்டைய நனைப்பாங்க. ஆண்டவரு இங்க கீழ மூக்குப்பொடி போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு.

என்னைய அவரு கூப்புடறது பெருச்சாளின்னு. எனக்கு வெண்டெலின்ங்கற பேரு இருக்கறது அவருக்குத் தெரியுமோ என்னமோ.

கடைசி ஆட்டமா? வரேன், வரேன். கிழட்டு ராஜா வேசம். பெத்த மகனத் தூக்குல போடணுமா, விடணுமான்னு சொல்லவேண்டிய எடம். பேசாம நின்னாரு. அஞ்சு நிமிசம். அப்புறம் திரும்பி உள்ள போய்ட்டாரு. சனங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. இதுக்கு மேல நடிப்பே கெடையாதுன்னு நீங்களும் எழுதுனீங்க. அதுக்கப்புறம் அவரு மேடையே ஏறல. பனி விழறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. கல்லறையில கூட மௌனத்தின் மன்னன்னு வெட்டி வெச்சிருக்காங்க.

அது நடிப்பா மறதியான்னு கேக்கறீங்க.

குதிகால் தூக்குச்சு. ஒருதரம் இல்ல, மூணு தரம். அப்புறம் குனிஞ்சு என் மூஞ்சியப் பாத்தாரு. உதட்ட மட்டும் அசைச்சு, வெண்டெலின், அப்படின்னாரு.

இப்பவும் யாரும் வராத பகல்ல பலகை கிரீச்சுங்கும். காலு ஒரு சோடி எனக்கு முன்னால வந்து நிக்கும். மன்னித்தேன் மகனே, மன்னித்தேன் மகனேன்னு அந்த வசனத்த எடுத்துக் குடுத்துக்கிட்டே இருப்பேன். காலு நகராது.

சே சே, தூங்கல ஐயா. புஸ்தகம் தொறந்துதான் இருந்துச்சு. அன்னிக்குக் காலைல ஒத்திகையில, இவனுக்குப் பதிலா குழிக்குள்ள ஒரு வெளக்குமாத்த வெச்சாப் போதும்னாரு ஹோர்னுங் ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, வெளக்குமாறு பேசாதில்ல, அவரு கொஞ்சம் நிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன். பத்து எண்ணுற வரைக்கும்னுதான் நெனச்சேன்.

எண்ணிக்கிட்டே இருந்துட்டேன்.