முன்பக்கம் இருநூற்று நாற்பது

எதையும் அளந்து பார்த்து வாங்குவது என் பழக்கம். கல்யாணமான புதிதில் அலமுவுக்கு எடுத்த புடவையைக் கடையிலேயே நாடா வைத்து அளந்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. புடவை நாலு அங்குலம் குறைவாகத்தான் இருந்தது. அதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் கருவியைப் பார்த்து அளவைச் சொல்வார். மற்றவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். எழுதுகிறவர் கண் தாளில்தான் இருக்கும், கருவி பக்கம் போகாது. அத்தனை வருஷத்தில் நான் ஒரு அளவைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரே தப்பான அளவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் சாஹித்யா குவாட் ஓட்டுகிறாள். ஓட்டினாள். நாலு சக்கரம், பைக்கைப் போல ஹேண்டில்பார், மண் மேடுகளைத் தாவிக் கடக்கிற பந்தய வண்டி. ஷாமீர்பேட்டைக்கு அப்பால் உள்ள தடத்தில் அவள் ஓட்டுவாள், நான் வண்டியைச் செட் செய்வேன். ரிடையர் ஆன பிறகு திருமுல்கேரியில் எனக்கு வேறு என்ன வேலை? காலையில் பூங்காவில் நடந்துவிட்டு சர்க்கரை அளவை ஒப்பிட்டுப் பார்க்கிற கூட்டத்தில் சேர எனக்கு மனசில்லை.

குவாட்டுக்கு உயரம் முக்கியம். வண்டியை வெறுமனே நிறுத்தி அளந்தால் அது அளவே இல்லை. ஓட்டுகிறவள் ஹெல்மெட், பூட்ஸ், கவசம் எல்லாம் போட்டு உட்கார வேண்டும். இரண்டு தடவை குதித்து அமர்ந்து, அசையாமல் நேரே பார்க்க வேண்டும். நான் மண்ணில் படுத்து, தரைக்கும் சட்டத்துக்கும் இடையே அளப்பேன். முன்பக்கம் இருநூற்று நாற்பது மில்லிமீட்டர், பின்பக்கம் இருநூற்று இருபத்தைந்து. எட்டு மாசம் பார்த்துப் பார்த்து அவள் எடைக்கென்று நான் கண்டுபிடித்த அளவு. முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் தாவி இறங்கும்போது மூக்கு மண்ணில் குத்தாது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வளையம் இருக்கும். இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும். நான் அளவைச் சொல்ல, அவள் திரும்பச் சொல்லி, பெட்ரோல் டாங்க்கில் ஒட்டிய காகிதத்தில் எழுதுவாள். குனிந்து பார்க்க மாட்டாள். அசைந்தால் அளவு மாறிவிடும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பிப்ரவரியில் புனேயிலிருந்து ஒரு டீம் அவளைக் கூப்பிட்டது. ஹைதராபாத் இறுதிப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஒப்பந்தம். வீட்டுக்கு வந்ததும் என் தோளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

“அவங்ககிட்ட மெக்கானிக், இன்ஜினியர் அந்தா உன்னாரு டாடி. இனிமே நீங்க மண்ணுல படுக்க நக்கோ. ரெஸ்ட் எடுங்க, ஹவ்?”

ஆள் இருக்கிறார்கள், இனி நீங்கள் மண்ணில் படுக்க வேண்டாம் என்று, தெலுங்கும் இந்தியும் கலந்த அவள் தமிழில் அன்பாகத்தான் சொன்னாள். புனே ரொம்ப தூரம் என்று அலமு மூக்கைச் சிந்தினாள். எனக்குக் கவலையெல்லாம் அவள் பத்திரம்தான். சற்று இடது பக்கம் சாய்ந்து உட்காருவாள் என்பது புது மெக்கானிக்குக்குத் தெரியுமா? நாலாவது இடம் வந்தால் போதும் என்று நினைத்தேன். நாலாவதாக வருவதில் யாருக்கும் அடிபடுவதில்லை.

போட்டியன்று முதல் சுற்றில் ஜெயித்தாள். இறுதிச் சுற்றுக்கு முன் டயரை மாற்றினேன். டயர் மாற்றினால் மறுபடி அளப்பது வழக்கம். அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது முன்பக்க வளையங்களை ஏழு சுற்றுத் தளர்த்தினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இடதுக்கும் வலதுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அவள் வந்து உட்கார்ந்தாள். குதித்தாள். நேரே பார்த்தாள். நாடா இருநூற்றுப் பதினெட்டு காட்டியது.

“முன்னாடி இருநூத்தி நாப்பது” என்றேன்.

“டூ ஃபார்ட்டி” என்று எழுதினாள்.

பின்பக்கத்தை உள்ளபடியே சொன்னேன். அவள் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“முன்னாடி பாரமா இருக்கு டாடி. மூக்கு கீழ போற மாதிரி.”

“புது டயர். ரெண்டு ரவுண்டுல செட் ஆயிடும்.”

“பக்கா?”

“பக்கா.”

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாள். ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. வளையங்களை இறுக்க இரண்டு நிமிஷம் ஆகும். பந்தயம் தொடங்கக் கொடி இறங்க ஆறு நிமிஷம் இருந்தது. வண்டி சரியாக இல்லையென்றால் யாரானாலும் வேகத்தைக் குறைப்பார்கள், அவளும் குறைப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் குறைக்கவில்லை. நான் பக்கா என்று சொல்லியிருந்தேனே.

மூன்றாவது ரவுண்டில் பெரிய மேட்டைத் தாவி இறங்கும்போது முன்பக்கம் மண்ணில் குத்தியது. வண்டி அவள் மேலேயே புரண்டது. நான் ஓடினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

முதுகெலும்பில் அடி. நாலு மாசம் ஆகிறது. வலது கால் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. மற்றது போகப் போகத் தெரியும் என்கிறார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நான்தான் அவளைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். அவள் பாரத்தை என் கை நன்றாக அறியும்.

விபத்தைப் பற்றிப் பந்தயச் சங்கம் விசாரித்தது. வண்டியின் முன்பக்கம் நொறுங்கிப் போனதால் அதில் அளக்க ஒன்றும் மிச்சமில்லை. டாங்க்கில் அவள் கையெழுத்தில் சரியான அளவு இருந்தது. ஆகவே தப்பு ஓட்டியவள் மேல் என்று முடிவு. அந்த முடிவை ஏற்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலை பதினோரு மணிக்குச் சங்கத்தின் ஆள் வருகிறார். கையெழுத்திட்டால் பழி அவளுடையது, எந்த டீமும் இனி அவளைத் திரும்பிப் பார்க்காது. அவளும் அதை நம்பிவிட்டாள்.

“தாவும்போது நாந்தான் உடம்பு வெயிட்டை தப்பா மாத்திட்டேன் டாடி. உங்க செட்டப்பை வேஸ்ட் பண்ணிட்டேன். சாரி.”

“விடும்மா” என்றேன்.

வளையத்தைத் தளர்த்தியதைவிட இதுதான் என்னை அரிக்கிறது. அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்தேன்.

பத்திரம், கவலை என்று மேலே எழுதியதெல்லாம் பொய். நான் இல்லாமல் அவள் ஜெயிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். கையெழுத்துப் போடும் முன் அவள் இதைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்து, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இப்போது அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

இனி வருவது அவள் தாளைத் திருப்பித் தந்த பிறகு எழுதியது. திருமுல்கேரியில் பிறந்து தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படித்தவள். தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வாள், ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. இது நான் அறியாததல்ல. முப்பத்தொரு வருஷம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதிய கை என்னுடையது. அளவுகளைக்கூட எண்ணாகப் போடாமல் எழுத்தாகவே எழுதியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“எனக்கு ராது டாடி, நீங்களே படிங்க. என்னது இது?”

“அன்னிக்கு எடுத்த அளவு.”

தலையணையில் தலையை நேராக்கிக்கொண்டு, அசையாமல் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். நான் தாளைக் கையில் எடுத்தேன். நாடா இருநூற்றுப் பதினெட்டு காட்டியது என்ற வரியில் கண் நின்றது.

“முன்னாடி இருநூத்தி நாப்பது” என்று படித்தேன்.

“டூ ஃபார்ட்டி” என்றாள்.